போர்ப் பாடமும் பெயரற்றார் கணக்கும்

ஒன்பதாம் வகுப்பில் எகிபதும் மெசொப்பொத்தாமியாவும் சீனமும். பத்தாம் வகுப்பில் இரண்டு உலகப் போர்கள். இடையிடையே கிரேக்கர், உரோமர். இவ்வளவையும் உரிய காலத்திற்குள் ஓட்டி முடிக்க வேண்டிய ஆசிரியர் ஆண்டையும் பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, நெட்டுருச் செய்க என்று சொல்லி அடுத்த பாடத்திற்கு நகர்கிறார். மாணாக்கனும் 1914, 1918, 1939, 1945 என்று எண்களை அடுக்கிக் கொள்கிறான். பொருத்துக என்றால் பொருத்துகிறான். காலக்கோடு வரைக என்றால் வரைகிறான். போர் எதற்காக மூண்டது, அதற்குச் சோறும் கல்லும் சுமந்தவன் எவன், அதனை எழுதி வைத்தவன் எவன் என்று எந்தப் பிள்ளையேனும் எழுந்து கேட்டால், 'அது தேர்வுக்கு வாராது' என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது.

இவற்றுள் இறுதி வினாவே தலையாயது. வென்றவன் எழுதியதே வரலாறு என்று பொதுவாகச் சொல்லிவிடுவர். அஃது அரை உண்மை. தோற்றவன் எழுதியதும் உண்டு. வெல்லாதவன் வென்றதாக எழுதியதும் உண்டு. எழுதவே இயலாமற் போனவர் வென்ற பக்கத்திலும் இருந்தனர், தோற்ற பக்கத்திலும் இருந்தனர். அவர்களைத் தேடக் கற்பிக்காத போர்ப் பாடம் படைத்தலைவர் பட்டியலாகவே முடியும்.

கி.மு. 1274-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த காதேசுப் போரை எடுத்துக் கொள்க. இற்றைச் சிரியாவில், ஒராண்டசு ஆற்றங்கரையில், எகிபது அரசன் இரண்டாம் இராம்சேசும் இட்டைட்டு அரசன் முவத்தல்லியும் மோதினர். தான் தனியொருவனாய் நின்று பகைவர் தேர்ப்படையைச் சிதறடித்ததாக இராம்சேசு கார்னாக்கிலும் இலக்சோரிலும் அபு சிம்பலிலும் கோயிற் சுவர்களில் வெட்டி வைத்தான். படித்தவர் நம்பினர். 1906-இல் துருக்கியில் இட்டைட்டர் தலைநகரான அத்துசாவைத் தோண்டத் தொடங்கியபோது களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. போருக்குப் பின்னும் காதேசு இட்டைட்டர் கையிலேயே இருந்தது என்பதும், எகிபதியர் பின்வாங்க அவர்கள் தமசுக்குப் பகுதிவரை முன்னேறினர் என்பதும் அவற்றால் தெரிந்தன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு கழித்து இரு நாடும் அமைதி உடன்படிக்கை செய்து கொண்டன. அதன் இரு படிகளும் இன்று கிடைக்கின்றன. ஒன்று எகிபதுக் கோயிற் சுவரில், மற்றொன்று களிமண்ணில். எகிபதுப் படியில் அமைதி வேண்டி வந்தவன் இட்டைட்டு அரசன். மற்றைப் படியில் அப்பணிவைக் காணோம்! பதினான்கு அகவைப் பிள்ளைக்கு இதனினும் சுவையான பாடம் எங்கே கிடைக்கும்? 'காதேசுப் போர், கி.மு. 1274' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இவ்வளவும் போயிற்று.

காதேசில் இரு தரப்பும் எழுதின. கலிங்கத்தில் ஒரு தரப்பே எழுதியது. அசோகன் போரிட்டான், வருந்தினான், புத்தர் நெறியைத் தழுவினான் என்பதைத் தமிழ்நாட்டு மாணாக்கர் எல்லாரும் அறிவர். ஒன்றரை இலக்கம் பேர் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டனர், ஓரிலக்கம் பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் மடிந்தனர் என்னும் கணக்கு அவனுடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் உள்ளது. கொன்றவன் தந்த கணக்கு அது. செத்தவர் தரப்பிலிருந்து ஒரு வரியும் கிடைக்கவில்லை. அதே கல்வெட்டில் காட்டு வாழ்நரை நோக்கி, தான் இரங்கியிருப்பினும் ஒறுக்கும் ஆற்றல் தன்னிடம் உண்டு என்று அவன் எச்சரிப்பதும் காணப்படுகிறது. கண்ணீரைச் சொல்லும் ஆசிரியர் இவ்வெச்சரிக்கையையும் சொல்ல வேண்டும்.

அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது மற்றொன்று. கலிங்க நிலத்திலேயே, தவுளியிலும் சவுகடாவிலும், அசோகனின் பாறைக் கல்வெட்டுகள் உள்ளன. ஆனால் பதினொன்று முதல் பதின்மூன்று வரையான பகுதிகள் அவ்விரண்டிடத்தும் வெட்டப்படவில்லை. அவற்றுக்கு மாறாக, அங்குள்ள அலுவலர்க்குத் தனியாணைகள் இரண்டு வெட்டப்பட்டுள்ளன. வடமேற்கே சாபாசுகடியில் இருப்பவன் அவ்வருத்தத்தைப் படிக்கலாம். தெற்கே எர்ரகுடியில் இருப்பவன் படிக்கலாம். தந்தையைப் பறிகொடுத்த கலிங்கத்தான் தன் ஊர்ப் பாறையில் அதனைப் படிக்க இயலாது. ஏன் அவ்வாறு விடப்பட்டது? வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது விடை வரட்டும். அந்த ஒரு வேளை நடப்பதுதான் வரலாற்று வகுப்பு.

முதல் உலகப் போருக்கு வருவோர் எம்டன் கப்பலைச் சொல்லாமல் விடுவதில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு அந்தச் செருமானியக் கப்பல் சென்னை மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. எமகாதகனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கும் அதனால் தமிழில் நிலைத்துவிட்டது. வீட்டு வாயிலில் விழுந்த குண்டு நினைவில் நிற்கிறது. கடல் கடந்து போன ஆள் நினைவில் நிற்கவில்லை. இத்துணைக் கண்டத்திலிருந்து பத்து இலக்கத்திற்கு மேற்பட்டோர் அப்போருக்காகக் கடல் கடந்தனர். ஏறத்தாழ 74,000 பேர் மடிந்தனர். அவர்களுள் மிகப் பலர் அனுப்பப்பட்ட இடம் மெசொப்பொத்தாமியா. 1916 ஏப்பிரலில் கூத்து நகரில் முற்றுகைக்குள் பட்டினி கிடந்து துருக்கியரிடம் பணிந்த படையில் அவர்கள் இருந்தனர். ஒன்பதாம் வகுப்பில் ஆப்பெழுத்தும் அமுராபியும் படித்த அதே மண்ணில்தான் பத்தாம் வகுப்புப் போர் நடந்தது என்பதை எந்த ஆசிரியரேனும் நிலப்படத்தில் விரல் வைத்துக் காட்டினால் பழங்காலமும் புதுக்காலமும் ஒரே நாளில் ஒன்றாகிவிடும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் வெள்ளையர் பதித்த கற்பலகைகள் இன்றும் உள்ளன. இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அவை ஆங்கிலத்தில் சொல்லும். எண் உண்டு, பெயர் இல்லை. நடுகல்லில் மறவன் பெயரையும், அவன் மீட்ட ஆவினையும், சிலவிடத்து அவன் வளர்த்த நாயின் பெயரையும் பொறித்த நாட்டில், பெயரில்லாத கல்லை நட்டுப் போனார்கள்.

இனி, எவ்வாற்றானும் விடத்தகாத ஒன்று: சயாம்–பருமா இருப்புப்பாதை. இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் இட்லர் வருவான், முசோலினி வருவான், முத்துத் துறைமுகம் வரும், இரோசிமா வரும். தமிழர் ஆயிரமாயிரமாய்ச் செத்த இடம் வருவது அரிது.

1942 பிப்பிரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. பருமாவிலிருந்த தம் படைக்கு உணவும் படைக்கலமும் அனுப்பச் சப்பானியர்க்கு வழி வேண்டியிருந்தது. மலாக்கா நீரிணையைச் சுற்றி இரங்கூன் செல்லும் கடல்வழியில் நீர்மூழ்கிகளின் அச்சம். ஆகலின், சயாமில் பான்போங்கிலிருந்து பருமாவில் தன்பியூசயாத்து வரை, மலையும் காடும் ஊடறுத்து, 415 அயிர மாத்திரி நீளத்திற்கு இருப்புப்பாதை போடத் துணிந்தனர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டனர். பாறையை உடைக்கப் பெரும்பாலும் உளியும் சம்மட்டியும். மண்ணைச் சுமக்கக் கூடையும் தோளும்.

தோள் எவருடையவை? பிரித்தானியர், ஒல்லாந்தர், ஆத்திரேலியர் முதலிய போர்ச் சிறையாளர் 60,000-க்கு மேற்பட்டோர். அவருள் 12,000-க்கு மேல் மடிந்தனர். இவர்களினும் பன்மடங்கு மிகுதியாகப் பருமியரும் மலாயரும் சாவகத்தாரும் தமிழரும் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். போரால் இரப்பர் ஏற்றுமதி நின்று, மலையாத் தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போன வேளை அது. மூன்று திங்கள் வேலை, நாட்கூலி, உணவு என்று ஆசை காட்டியும், பின்னர் வன்முறையாய்ப் பிடித்தும், தோட்டத் தமிழரைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து ஏற்றினர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கக்கல் கழிச்சல் நோய் பாடி பாடியாய் அவர்களை வாரிக் கொண்டு போயிற்று. வெள்ளைச் சிறையாளரிடை மருத்துவர் இருந்தனர்; கொதிக்க வைத்த நீரையே குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அலுவலர் இருந்தனர். தோட்டத்துக் கூலிக்கு இருவரும் இல்லை.

எத்தனை பேர் செத்தனர்? சிறையாளர் கணக்குத் தெளிவாக இருக்கிறது. கூலிகள் கணக்கு 75,000 என்றும், ஓரிலக்கம் என்றும், அதனினும் மிகுதி என்றும் மாறுகிறது. இம்மாற்றத்திற்குக் கரணியம் உண்டு. சிறையாளருள் அலுவலர் சிலர் உயிரைப் பணயம் வைத்து மறைவாகப் பெயர்ப் பட்டியல் எழுதினர். மூங்கிற் குழாயிலும் கல்லறைக் குழியிலும் ஏடுகளை மறைத்தனர். 1945-இல் போர் முடிந்த சில கிழமைகளுக்குள் கல்லறை தேடும் குழு அப்பாதை வழியே சென்றது. தேடியது சிறையாளர் கல்லறைகளை. காஞ்சனபுரியிலும் சுங்கையிலும் தன்பியூசயாத்திலும் இன்று அவர்தம் கல்லறைகள் பெயரும் அகவையும் பொறித்த பலகைகளோடு வரிசை வரிசையாக விளங்குகின்றன. அது பாராட்டத்தக்க செயலே. தம் மக்களைத் தேடியெடுத்துப் பெயர் பொறிப்பது நாகரிக நாட்டார் கடமை. தமிழனுக்கு அக்கடமையைச் செய்ய அன்று ஓர் அரசும் இல்லை. காட்டில் புதைத்தும் எரித்தும் விடப்பட்டவர்க்கு ஆளுக்கொரு பெயர்ப்பலகை இல்லை. இதனினும் நெஞ்சைச் சுடுவது ஒன்று: 1944-இல் சப்பானியப் படையினரே அங்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பி இறந்தோர்க்கு ஆறுதல் உரை பொறித்தனர், அவ்வுரை வெட்டப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. சாகடித்தவர் தமிழில் கல் வெட்டினர்!

1957-இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தால் அவ்விருப்புப்பாதையை உலகம் அறிந்தது. இலங்கையில் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட படம் அது. பார்த்தவர் உள்ளத்தில் நிற்பது சீழ்க்கை அடித்துக்கொண்டு நடக்கும் வெள்ளைப் படைஞர் கூட்டமே. இவ்வாறு ஒரு போரின் நினைவு திரைப்படத்தால் சமைக்கப்படுகிறது. பள்ளியும் அதனைத் திருத்தாவிடில் வேறு எவர் திருத்துவார்?

ஈண்டுத் தமிழன்பர்க்குச் சற்றுக் கசக்கும் செய்தி ஒன்றும் சொல்லப்பட வேண்டும். கடாரம் வென்ற இராசேந்திரனை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. 1025-இல் கடல் கடந்த அப்படையெடுப்பு மேடைதோறும் முழங்கப்படுகிறது, முழங்கத்தக்கதே. அச்செயலுக்குத் தலைமைச் சான்று அவன் மெய்க்கீர்த்தி. அதுவும் வென்றவன் எழுத்து. இருபது ஆண்டுகட்கு முன்புதான் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்தப் பள்ளி எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலத்தை இராசராசன் இறையிலியாக விட்டான். நட்பு எவ்வாறு பகையாயிற்று? வணிகப் போட்டி என்பார் பலர். கொள்ளையிடப்பட்ட ஊரார் என்ன சொல்லியிருப்பர் என்பதற்கு ஓர் ஓலையும் கிடைக்கவில்லை. காதேசில் இராம்சேசை உசாவிய மாணாக்கன், கலிங்கத்தில் அசோகனை உசாவிய மாணாக்கன், கடாரத்தில் மட்டும் வாய்மூடி நிற்க வேண்டும் என்று சொல்வது நயன் ஆகாது. அவ்வாறு சொன்னால், பிறர் எழுத்தை அளக்க அவன் எடுத்த கோலையே பறித்து முறித்ததாகும். பெருவேந்தன் புகழ் ஒரு வினாவால் உதிர்ந்துவிடாது.

அக்கடாரந்தான் இற்றைக் கெடா. வேந்தன் படை இறங்கிய அந்நிலத்தில் தொள்ளாயிரம் ஆண்டு கழித்துத் தமிழன் இரப்பர் மரம் சீவினான். அங்கிருந்தும் சயாம் காட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டான். முன்னது நெட்டுருவாகத் தெரிகிறது. பின்னது தெரியவில்லை. வேந்தனைப் பாடப் புலவன் இருந்தான். கூலிக்கு இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

இவ்வளவுக்கும் காலம் ஏது என்று ஆசிரியர் கேட்பர். கேட்பது தவறன்று, மேலிருந்து வரும் நெருக்கடி அத்தகையது. ஆயினும் பாடநூலில் பக்கம் கூட்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கு மூன்றே போர்களை எடுத்து ஒவ்வொன்றிற்கும் இரண்டு வகுப்பு வேளை ஒதுக்கினால் போதும். எஞ்சியவற்றை நிலப்படத்தோடும் காலக்கோட்டோடும் விரைந்து கடக்கலாம். முப்பது போரின் ஆண்டுகளை ஒப்பித்துத் தேர்வு முடிந்ததும் உதறிவிடுகிற பிள்ளை, மூன்று போரை இவ்வாறு உசாவியிருந்தால் நான்காவதைத் தானே உசாவுவான். தேர்வுத்தாள் அமைப்போரும் ஒன்று செய்யலாம். இரு தரப்பு எழுத்திலிருந்தும் இரண்டு வரி கொடுத்து, இவை எங்கே முரண்படுகின்றன, ஏன் என்று ஒரே ஒரு வினா வைத்தால், மறு ஆண்டே வகுப்பறை மாறும்; தேர்வில் வருவது வகுப்பில் வந்தே தீரும்.

ஊரில் பெரும்போர்க் கல் இருந்தால் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லலாம். மலையாவுக்குப் போய்த் திரும்பாத பாட்டன் எந்த வீட்டிலேனும் உண்டா என்று உசாவச் செய்யலாம். தப்பி மீண்டோர் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லக் கேட்டுப் பிறர் எழுதியவையே இன்று கையிலுள்ள சான்று. அப்பாட்டன்மாரின் மக்கள் சிலர் இன்னும் இருக்கின்றனர். பிள்ளை ஒரு குறிப்பேட்டில் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.