பாவித்த சொகுசுக் காரும் கடையின் முதலும்

ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை என்று வாவியை அண்டிய நமது கடைத்தெருக்களில் நான்கு வியாபாரிகள் ஒன்றுசேர்ந்தால் பேச்சு எப்படியோ வாகனத்தில் வந்து நிற்கிறது. "புதுக் கார் வாங்க வழியில்லை. பாவித்த பென்ஸ் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாபாரத்தில் கிடைத்து, வீட்டுச் செலவும் போக மிஞ்சிய லாபம் கையிலிருந்தால் தாராளமாக எடுங்கள். கடையில் புரளும் முதலை உருவி எடுப்பதாக இருந்தால் வேண்டாம். இதற்கான காரணங்களை வியாபாரக் கணக்கோடு பார்ப்போம்.

ஐந்து வருடங்கள் கற்றுத்தந்த தவறான பாடம்

2020 மார்ச்சில் வெளிநாட்டு நாணயத்தைச் சேமிப்பதற்காக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் மீண்டும் திறந்தது. இடையிலே 2022 வந்தது. அவ்வருட ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. புதிய வாகனம் உள்ளே வரவில்லை, ரூபாவின் பெறுமதியும் விழுந்துவிட்டது. ஆகவே, கையிலிருந்த பழைய வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்களை நாமெல்லோரும் கண்டோம்.

இதனால் நமது ஆட்கள் பலருடைய மனதில் ஓர் எண்ணம் பதிந்துவிட்டது. காரும் காணி, தங்கம் போல ஒரு சேமிப்புத்தான் என்பதே அது. இது பிழையான எண்ணம். அந்த ஐந்து வருடங்களில் கார் சேமிப்பாக மாறவில்லை. கதவு மூடியிருந்ததால் விலை குறைய வழியிருக்கவில்லை. கதவு திறந்த பிறகு கார் மறுபடியும் தேயும் பொருளாகிவிட்டது. நேற்றைய விலையேற்றத்தை நம்பி இன்று வாங்குபவருக்கு நட்டம் வரவே வாய்ப்பு அதிகம்.

புதிய சொகுசுக் காரின் பக்கம் போக முடியாததற்கும் காரணம் உண்டு. எஞ்சினின் கொள்ளளவுக்கு ஏற்ப உற்பத்தி வரி, அதற்கு மேல் பெறுமதி சேர் வரி அறவிடப்படுகின்றன. 2025இல் வந்த ஒழுங்கின்படி, துறைமுகத்தை வந்தடையும் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டும் பெற்றோல் காருக்குச் சொகுசு வரியும் உண்டு. எனவேதான் எல்லோருடைய கண்ணும் ஏற்கனவே நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ., டொயோட்டா கிரவுன் ஆகியவற்றின் பக்கம் திரும்புகிறது. அவற்றில் பெரும்பாலானவை 2020க்கு முன் வந்தவை. உத்தரவாதக் காலம் முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

காரின் விலை குறையும், உதிரிப்பாகத்தின் விலை குறையாது

பழைய சொகுசுக் காரில் விளங்கிக்கொள்ள வேண்டிய முதல் விடயம் இதுதான். நூறு ரூபா பெறுமதியான கார் முப்பது ரூபாவுக்கு வந்திருக்கும். ஆனால் அதன் உதிரிப்பாகங்கள் நூறு ரூபாக் காருக்கு உரியவை. கார் பழையது என்பதற்காகக் கம்பனிக்காரன் கியர்பொக்ஸைப் பாதி விலைக்குத் தரமாட்டான். வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில்தான் அகப்படுகிறார்.

சில உதாரணங்களைச் சொல்கிறேன். 2002இல் வெளிவந்த பென்ஸ் ஈ கிளாஸ், அதாவது டபிள்யூ 211 வகை, ஆரம்பத்தில் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் முறையோடு வந்தது. 2004இலும் 2005இலும் இதற்காகக் கம்பனியே கார்களைத் திருப்பியழைத்துப் பார்த்தது. 2006இல் அம்முறையைக் கைவிட்டது. அந்த பிரேக் பம்ப் குறிப்பிட்ட தடவைகள் வேலை செய்ததும் எச்சரிக்கை கொடுத்து, மாற்றச் சொல்லிக் கேட்கும். அதேபோல, சில பென்ஸ்களில் வரும் காற்றுச் சஸ்பென்ஷன் பழுதானால் காலையில் கார் ஒரு பக்கம் நிலத்தோடு படுத்துக் கிடக்கும். பி.எம்.டபிள்யூ.வின் ஈ 46 போன்ற பழைய மொடல்களில் ரேடியேற்றரைச் சேர்ந்த பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தில் வெடிப்பது தெரிந்த விடயம். தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் பத்து நிமிடம் ஓட்டினால் போதும், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பிறகு செலவு எஞ்சின் வரை போகும்.

இவையெல்லாம் மோசமான கார்கள் என்று நான் சொல்லவில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 1995 வரை வந்த டபிள்யூ 124 பென்ஸைப் போல உறுதியான கார் குறைவு. ஆனால் அதிலும் கடைசி வருடங்களில் வந்தவற்றில் எஞ்சின் வயர்களின் மேலுறை உதிர்ந்துபோகும் குறைபாடு உண்டு. எந்த மொடலுக்கு எந்த நோய் என்று தெரிந்து வாங்குபவர் தப்பிக்கொள்வார். நிறத்தையும் சீற்றையும் பார்த்து வாங்குபவர் கராஜுக்குக் கூலி கட்டுவார்.

இங்கு இன்னொரு சிரமமும் உண்டு. நமது பகுதி மெக்கானிக்குகள் கொரோல்லாவையும் ஹயஸ் வேனையும் கென்ரர் லொறியையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். அவர்களுடைய திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பென்ஸின் முகவரான டிமோவும் பி.எம்.டபிள்யூ.வின் முகவரான பிரெஸ்டீஜ் ஒட்டோமொபைலும் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டவை. பழைய உதிரிப்பாகம் தேடுவதென்றால் பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அதிகம். ஒரு சென்சருக்காகக் காரை ஏற்றி அனுப்பினால், சென்சரின் விலையை விட ஏற்றுக்கூலி கூடிவிடும்.

உப்பும் வெள்ளமும்

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலேதான் நம்மில் பலர் வாழ்கிறோம். இந்த உப்புக்காற்று இரும்பை மட்டும் தின்பதில்லை. வயர்களின் இணைப்பில் பச்சை படியும். ஏசி கண்டன்சர் ஓட்டையாகும். நிறுத்தியே வைத்திருந்தால் பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். மின்னணுப் பாகங்கள் கூடக் கூட உப்பின் தொல்லையும் கூடும். 1995க்கும் 2002க்கும் இடையில் வந்த டபிள்யூ 210 பென்ஸ் குளிர்நாடுகளிலேயே துருவுக்குப் பேர்போனது. நமது கரையில் அதை எடுப்பவர் அடிப்பாகத்தை லிஃப்டில் தூக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

வெள்ளத்தையும் நாம் அறிவோம். 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம், 2025 நவம்பரில் டித்வா புயலோடு நாடெங்கும் வந்த வெள்ளம் என்று பட்டியல் நீளமானது. தண்ணீரில் நின்ற கார்களும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். சீற் பெல்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா? கார்ப்பெட்டைத் தூக்குங்கள், சீற்றின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? உதிரிச் சக்கரம் வைக்கும் குழியையும் பாருங்கள். பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லி விற்பதுதான் நமது மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கம். விற்பவர் அதை மறந்தாலும் வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் டகாட்டா கம்பனி செய்த எயார்பேக்குகள் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்களிலிருந்து திருப்பியழைக்கப்பட்டன. நீண்ட கால வெப்பமும் ஈரப்பதனும் அவற்றிலுள்ள இரசாயனத்தைக் கெடுப்பதால், வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் ஆளின் மேல் பாய்கின்றன. வெப்பத்துக்கும் ஈரப்பதனுக்கும் இங்கு குறைவில்லை. டொயோட்டா, நிசான், பி.எம்.டபிள்யூ., பென்ஸ் எல்லாவற்றிலும் இவை பூட்டப்பட்டிருந்தன. சேசிஸ் இலக்கத்தை முகவரிடம் கொடுத்து விசாரிக்காமல் குடும்பத்தை அதில் ஏற்ற வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம்

இனிக் கணக்குக்கு வருவோம். இது உதாரணக் கணக்குத்தான். உங்கள் கடைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். 75 இலட்சத்துக்குக் கார் எடுக்கிறீர்கள். அதே பணம் கடையில் சரக்காக இருந்து வருடத்தில் நான்கு தடவை புரண்டு, ஒவ்வொரு தடவையும் 5 வீதம் தேறியிருந்தால் 15 இலட்சம் வந்திருக்கும். அது இப்போது இல்லை. கார் வருடத்துக்கு 10 வீதம் தேய்ந்தால் ஏழரை இலட்சம். காப்புறுதி, டயர், சேர்விஸ், சிறு பழுதுகளுக்கு 5 இலட்சம். மாதம் இரண்டு கொழும்புப் பயணமும் ஊரோட்டமுமாக 2,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். லீற்றருக்கு 8 கிலோமீற்றர், லீற்றர் 300 ரூபா என்றால் வருடத்துக்கு 9 இலட்சம். மொத்தம் முப்பத்தாறரை இலட்சம். அதாவது ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபா. பெரிய பழுது எதுவும் வராவிட்டால்தான் இந்தக் கணக்கு. பல டர்போ எஞ்சின்களுக்கு 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது முதல் பத்தாயிரம் ரூபா லாபம் காருக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதைத் தாங்கும் கடைகள் நமது பகுதியில் உண்டு. தாங்காத கடைகளே அதிகம்.

2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கொடுத்தார்கள். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் கார் அந்த 20 லீற்றரில் 160 கிலோமீற்றர் போகும். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டால் ஹபரணையைத் தாண்டியதும் முடிந்துவிடும். சரக்கெடுக்கக் கொழும்பு போக வேண்டிய வியாபாரிக்கு அந்தக் கார் முற்றத்தில் நிற்கும் அலங்காரமாகவே இருந்தது. அப்படியொரு காலம் இனி வராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

மதிப்பு காரினால் வருகிறதா?

"நல்ல காரில் போய் இறங்கினால்தான் கொழும்பில் மதிப்பார்கள், கடனுக்குச் சரக்குத் தருவார்கள்" என்பது பலருடைய வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கீசர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் இருக்கும் மொத்த வியாபாரி நம்மைவிடக் கெட்டிக்காரர். அவர் பார்ப்பது வாசலில் நிற்கும் காரை அல்ல. திகதிக்குச் செக் பாஸாகிறதா என்பதையே. பழைய மோட்டார் சைக்கிளில் போகிறவருடைய செக் ஒருநாளும் திரும்பவில்லையென்றால் அவருக்கு ஐம்பது இலட்சத்துக்குக் கடன் கிடைக்கும். பென்ஸில் வந்தவருடைய செக் இரண்டு தடவை திரும்பினால் கடைப்பையனும் எழுந்து நிற்கமாட்டான். காருக்காக முதல் குறைந்தால் சரக்குக் குறையும். சரக்குக் குறைந்தால் விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் செக் திரும்பும். மதிப்புக்காக வாங்கிய காரே மதிப்பைக் கெடுத்துவிடும்.

அரசாங்கமே இதில் ஒரு பாடம் தந்தது. 2025இல் ஜனாதிபதிச் செயலகம் செலவைக் குறைப்பதற்காகத் தன்னிடமிருந்த சொகுசு வாகனங்களை விற்றது. நாட்டின் திறைசேரிக்கே பாரமென்று கண்டதை ஒரு புடவைக்கடை எத்தனை நாள் சுமக்கும்?

எடுப்பதாக முடிவு செய்தால்

நல்ல வண்டியில் வயதான பெற்றோரை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போகும் சுகமும், இரவு வீதியில் உறுதியான காருக்குள் இருக்கும் பாதுகாப்பும் பெறுமதியானவைதாம். உழைத்தவர் அனுபவிப்பதை நான் குறை கூறவில்லை. எடுப்பவர்கள் சில விடயங்களைக் கவனித்தால் போதும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினும் சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷனும் உள்ளதைத் தேடுங்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று புறம்பாக வைத்துவிட்டு மீதிக்கே கார் பாருங்கள். ஊர் மெக்கானிக்கை மட்டும் நம்பாமல், அந்த இனத்துக் காரைப் பார்க்கும் இடத்தில் ஸ்கேன் செய்யுங்கள். மீற்றரை நம்ப வேண்டாம். சேர்விஸ் பதிவுகளைக் கேளுங்கள். ஜப்பானிலிருந்து பாவித்து வந்த காரானால் அங்குள்ள ஏலத்தாளைக் கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் அது நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். தீர்வைச் சலுகைப் பெர்மிட்டில் வந்த காரானால் கைமாற்றத் தடை ஏதும் உண்டா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். "ஓபன் பேப்பரில்" வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓடுவது பின்னால் வழக்கில் கொண்டுபோய் விடும். தவணைக்கு எடுப்பவர்கள் வட்டிக்குப் போகாமல் இஜாரா முறையைப் பார்க்கலாம். ஆனால் இஜாராவிலும் மாதத் தவணை தவணைதான். அதுவும் கடை லாபத்திலிருந்தே போக வேண்டும்.

கடைசியாக, காருக்கென்று தனியாக ஒரு கொப்பி போடுங்கள். பெற்றோலில் இருந்து பல்ப் வரை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். கடைப் பெட்டியிலிருந்து எடுத்த பணத்தைக் கடைச் செலவோடு கலக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியைக் கூட்டிப் பாருங்கள். கடை தாங்குகிறதென்றால் சந்தோஷமாக ஓட்டுங்கள். தாங்கவில்லையென்றால், பெரிய பழுது வருமுன் விற்றுவிட்டு, ஒரு சிறிய ஹைபிரிட் காரும் சரக்கேற்ற ஒரு டிமோ பட்டாவும் எடுங்கள். அந்தப் பட்டா தன் கூலியைத் தானே உழைத்துத் தரும்.