கண்புரை ‘முற்றட்டும்’ என்று ஏன் காத்திருக்க வேண்டும்?

ஜொகூரில் தங்காக் என்றாலே துணிக்கடைகள்தாம் நினைவுக்கு வரும். அங்கே சேலை எடுக்க வரும் பாட்டி கருநீலத்தைக் கறுப்பு என்று சொன்னால் நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால், அது கண்புரையின் அறிகுறியாக இருக்கலாம்.

கண்மணிக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. கிரிஸ்டலின் எனப்படும் புரதங்கள் அதில் சீராக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி தடையின்றி ஊடுருவுகிறது. வில்லையின் நடுவில் உள்ள புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை. தோலைப்போல் அவை புதுப்பிக்கப்படுவதில்லை. வயதாக ஆக அவை சிதைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர், புகைபிடித்தல், இனிப்பு நீர் ஆகியவை இதை விரைவுபடுத்தும். மங்கிய வில்லை பழுப்பேறும்போது நீல ஒளியைத் தடுக்கிறது. பாட்டியின் கருநீலம் கறுப்பானது இதனால்தான்.

இன்னொரு விந்தையும் உண்டு. “கண்ணாடி இல்லாமலேயே பத்திரிகை படிக்கிறேன்” என்று தாத்தா திடீரென மகிழ்ந்தால், கண் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. வில்லையின் மையம் இறுகி ஒளியை அதிகமாக வளைக்கிறது. அதனால் சில காலம் கிட்டத்தில் இருப்பவை தெளிவாகத் தெரியும். பிறகு அதுவும் மங்கிவிடும்.

மலேசியாவில் 2014-இல் 50 வயதைத் தாண்டியவர்களிடம் தேசியக் கண் ஆய்வு நடந்தது. பார்வையிழந்தோரில் 58.6 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பெறாத கண்புரையே காரணம் என்று அது காட்டியது. சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காக இத்தனை பேர் இருட்டில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

“நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் கேட்கிறது. அது ஒரு காலத்தில் சரிதான். அன்று பெரிதாக வெட்டி வில்லையை முழுதாக எடுத்தார்கள். முற்றியது எளிதாக வெளியே வந்தது. 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் மீயொலியால் வில்லையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு போதும். அதன் வழியாகவே செயற்கை வில்லையையும் பொருத்துகிறார்கள். இம்முறையில் முற்றிய, கல்லாய் இறுகிய வில்லைதான் மருத்துவருக்குச் சிரமம். காரணம் தலைகீழாகிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை! சொட்டு மருந்தால் கரைத்துவிடலாம் என்பதையும் நம்பாதீர்கள்.

வீட்டில் பெரியவர்களை ஒவ்வொரு கண்ணாக மூடி நாட்காட்டி எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்களும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். இரவில் கார் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். கண் சிவந்து வலித்தாலோ, பார்வை திடீரென மறைந்தாலோ அது பெரும்பாலும் கண்புரையாக இருக்காது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.