வெறி யாருக்குச் சாட்டு?

பல்கலைக்கழக மாணவரிடையே மதுவெறியில் நிகழும் பாலியல் குற்றங்களைப் பற்றி நம்மவர் பேசுங்கால் ஒரு விந்தையைக் காண்கிறோம். குடித்தவன் ஆணாயின், "வெறியிற் செய்துவிட்டான், படிக்கிற பிள்ளை, பாழாகலாமா?" என்பர். குடித்தவள் பெண்ணாயின், "அவள் ஏன் குடித்தாள்?" என்பர். போத்தல் ஒன்றே, அவனுக்கு அது மன்னிப்பு, அவளுக்கோ குற்றப்பத்திரம்!

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 2015 சனவரியில், மாணவர் விருந்தொன்றின் பின், நினைவிழந்து கிடந்த பெண்ணொருத்தியை ஒரு மாணவன் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினான். துவிச்சக்கர வண்டியில் வந்த சுவீடன் மாணவர் இருவர் அவனைத் துரத்திப் பிடித்தனர். 2016 இல் யூரிமார் அவனை மூன்று குற்றங்களுக்குக் குற்றவாளியெனக் கண்டனர். அவனோ குடியையும் விருந்துப் பழக்கத்தையுமே சாட்டினான். நீதிபதி விதித்தது ஆறு மாதச் சிறை. அவன் இருந்தது மூன்றே மாதம். அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. நினைவிழந்தோரையும் வெறியுற்றோரையும் இவ்வாறு கெடுப்போருக்குச் சிறை கட்டாயமென அவ்வாண்டே கலிபோர்ணியா சட்டமியற்றியது. 2018 இல் வாக்காளர் அந்நீதிபதியைப் பதவியினின்றும் நீக்கினர்.

நம் சட்டம் யாது கூறுகிறது? தானே விரும்பிக் குடித்தவனுக்கு, குடியாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அறிவு இருந்ததாகவே 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கொள்கிறது. ஆகவே, "தெரியாமற் செய்தேன்" என்பது ஆணுக்கு எளிதிற் கிட்டும் கேடயமன்று.

பெண்ணின் பக்கத்திலேதான் ஓட்டை. வெறியிலிருந்தவள் அளித்த சம்மதம் செல்லாது என்கிறது 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். ஆனால், அம்மது அவனாலோ பிறராலோ அவளுக்குக் கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டுமாம்! தன் கையால் ஊற்றிக் குடித்தவளுக்கு அவ்வாசகம் துணை நில்லாது. சம்மதம் பற்றிய பொது விதிகளைக் கொண்டே சட்டத்தரணி வாதாட வேண்டும். குவளையில் ஊற்றியவர் யார் என்பதா வழக்கு?

இந்தியர் 1983 ஆம் ஆண்டிலேயே இதனைத் திருத்தமாக எழுதினர். வெறி எவ்வாறு வந்ததாயினும், தான் சம்மதிப்பது இன்னதென உணரும் நிலையில் அவள் இருந்தாளா என்பதே அங்கு கேள்வி. 2024 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்த அவர்தம் புதிய கோவையிலும் அஃது உளது. அவ்வளவுகோலையே நம் பாராளுமன்றமும் ஏற்றல் வேண்டும் எனக் கோருகிறோம்.

வெங்காயம் விற்ற காசில் பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்பும் தந்தையரிடமும் ஒன்று கேட்போம். மகளுக்கு ஆயிரம் புத்தி சொல்லியே அனுப்புகிறீர்கள். வெறியில் விழுந்து கிடப்பவளைத் தொடாதே, பத்திரமாக விடுதியிற் சேர் என்று மகனுக்கு ஒருநாளேனும் சொன்னதுண்டா?