பெட்டி பிரித்த பிறகு எடுத்த படங்கள்



ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடி வருகிறது. அதையொட்டி நாமும் ஒரு சிறப்பிதழ் போடலாம் என்று பேச்சு வந்தபோது, எங்கள் புகைப்படக்காரத் தம்பி ஒரு யோசனை சொன்னார். வெளிநாடு போய்த் திரும்பியவர்களின் படங்களைப் போடுவோம்; போகும்போது எடுத்தது இடப்பக்கம், வந்தபின் எடுத்தது வலப்பக்கம். பார்த்த மாத்திரத்தில் புரியும், பக்கமும் எடுப்பாக அமையும். ஆசிரியர் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கு மட்டும் நெருடல்.

இப்படி ஜோடி போட்டால் என்னதான் தெரியும்? போனபோது ஒல்லி, வந்தபோது தொப்பை. போனபோது ரப்பர் செருப்பு, வந்தபோது ஷூ. முடி வளரும் தைலத்தின் விளம்பரம் போல் இருக்கும். கையில் காசு புழங்கியது என்பதற்கு மேல் அந்த ஜோடி ஒன்றும் சொல்லாது. அது ஊருக்கே தெரிந்த சங்கதி.

சந்தேகம் இருந்தால் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களுக்குக் கடல் தாண்டிப் போவது பல தலைமுறைப் பழக்கம். சபராளி, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர், இல்லாத வீடு அங்கே அபூர்வம். 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வளைகுடா நாடுகளில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. வானம் பார்த்த பூமிக்காரர்களும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அவர்கள் கடிதத்தோடு வைத்து அனுப்பிய படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். துபாய் தேரா மணிக்கூண்டு, குவைத் கோபுரங்கள், இல்லாவிட்டால் பளபளப்பான ஒரு கார். காரின் கதவில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, கைக்கடிகாரம் தெரிய ஒரு நிற்பு. கார் யாருடையதோ. அறையில் ஒரே ஒரு நல்ல கோட்டு இருந்தால் அது எட்டுப் பேரின் படங்களில் வரும். வேலைக்குப் போட்ட கவராலோடு ஒரு படம் தேடினால் கிடைப்பது அரிது. வெயிலில் சாரத்தில் நின்ற கோலத்தை வீட்டுக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

இந்தப் பக்கம் இருந்தவர்களும் சளைக்கவில்லை. எங்களுக்கு வந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் மனைவி, நடுவில் குழந்தை, பக்கத்தில் கணவர். உற்றுப் பார்த்தால் கணவரின் தலை கொஞ்சம் பெரிது. மற்ற இருவரின் நிழலும் இடப்பக்கம் விழ, அவர் முகத்தின் நிழல் மட்டும் வலப்பக்கம். அப்போது அவர் சவூதியில் இருந்தார். பக்கத்தில் ஆள் நிற்க இடம் விட்டு இவர்களை எடுத்து, அவர் அனுப்பிய படத்தை வெட்டி ஒட்டி, மறுபடியும் ஒரு படமெடுத்துக் கழுவிக் கொடுத்திருக்கிறார் ஸ்டூடியோக்காரர். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய கைவேலை. கணவர் விடுப்பில் வந்தபோது எடுத்த அசல் படமும் கூடவே வந்திருந்தது. அதில் நிழலெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. குழந்தைதான் அம்மாவின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளில் கை வைத்திருக்கும் இந்த மனிதர் யார் என்று பார்க்கிறது.

பிழைக்கப் போனவர்களின் கதையைப் படங்களில் சொல்லும் வேலையை ஐரோப்பாவில் முன்பே செய்து பார்த்தவர்கள் உண்டு. எழுத்தாளர் ஜான் பெர்ஜரும் சுவிஸ் புகைப்படக்காரர் ழான் மோரும் சேர்ந்து 1975-ல் ‘எ செவன்த் மேன்’ என்றொரு நூல் கொண்டுவந்தார்கள். துருக்கி, போர்ச்சுகல் போன்ற நாடுகளிலிருந்து பிழைக்கப் போன தொழிலாளர்களைப் பற்றியது. புறப்பாடு, வேலை, திரும்புதல் என்று மூன்று பகுதி. அதில் வரும் ஒரு செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை. கள்ளத்தனமாக எல்லை தாண்டி பிரான்சுக்குப் போன போர்ச்சுகல்காரர்கள், புறப்படுமுன் தங்கள் முகத்தைப் படம் எடுத்து இரண்டாகக் கிழிப்பார்களாம். ஒரு பாதி வழிகாட்டியிடம், ஒரு பாதி தன்னிடம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் தன் பாதியை வீட்டுக்குத் தபாலில் அனுப்புவார். வழிகாட்டி தன் பாதியோடு வருவான். இரண்டும் பொருந்தினால்தான் வீட்டார் அவனுக்குப் பணம் கொடுப்பார்கள். நம் மணிக்கூண்டுப் படங்களும் இந்த வகைதான் என்று எனக்குப் படுகிறது: ஆள் நலம், கொடுத்த காசு வீண் போகவில்லை என்பதற்கான ரசீது. ரசீதில் போய் ஆள் எப்படி மாறினான் என்று தேடக் கூடாது.

தவிர, போனது எது, வந்தது எது என்று எல்லோருக்கும் கோடு போட்டுச் சொல்லிவிட முடியாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ‘கொண்டு விக்க’, அதாவது தொழில் செய்து சம்பாதிக்கப் போன செட்டிநாட்டார் மூன்று வருஷக் கணக்கு முடித்து வந்து, மறுபடி கப்பலேறினார்கள். இலங்கைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களோ, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ‘தாயகம் திரும்பியோர்’ ஆனார்கள். இந்தியா ஏற்பதாக எழுதிக்கொண்டது 5,25,000 பேரை. அப்படி வந்தவர்களுக்கென்று 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. பார்த்தே இராத ஊருக்குத் திரும்பியவரை இடப்பக்கம் வைப்பதா, வலப்பக்கம் வைப்பதா?

ஆகவே தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். திருச்சி விமான நிலைய வாசலுக்குப் போக வேண்டாம். கயிறு கட்டி, பெயரும் ஊரும் போன் நம்பரும் மார்க்கரில் எழுதிய அட்டைப்பெட்டியோடு ஆள் வெளியே வரும் காட்சி ஆயிரம் முறை எடுத்தாயிற்று. பெட்டி பிரித்து, தைலமும் சோப்பும் பேரீச்சையும் சொந்தபந்தங்களுக்குப் பங்கு போய், விசாரிக்க வந்த கூட்டம் வடிந்தபிறகு போங்கள். அதுவரை அவர் விருந்தாளி.

போனார். முதல் தொல்லை அவர் எதிர்பாராதது. படம் எடுக்கலாமா என்று கேட்டதும், பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வெள்ளைச் சுவராகப் பார்த்துப் போய் நின்றுவிடுகிறார். முகவாய் நேர், தோள் சமம், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிப்பு கூடாது. விசாவுக்கும் வேலை அட்டைக்கும் நின்று நின்று உடம்பு படித்துக்கொண்ட பாடம். மாறியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்று அந்த நிற்பையே ஒரு முழுப்பக்கம் வைத்திருக்கிறோம்.

மற்ற படங்கள் கேமராவை அவர்கள் மறந்தபிறகு கிடைத்தவை. தம்மாமில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர், தன் பணத்தில் எழுந்த வீட்டில், அகலமான கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருக்கிறார். கண்ணாடி, போன், சார்ஜர், மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தலைமாட்டில் வரிசையாக. சுவரில் பதித்த அலமாரி காலியாகக் கிடக்கிறது. முகாமின் அடுக்குக் கட்டிலில் அவருக்குச் சொந்தமாக இருந்தது அந்த ஆறடி மட்டும்தானே. குவைத்தில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய ஓர் அக்கா, அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுகிறார். பின்னால் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து, அவருக்கும் இலை போட்டு வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் ரேஷன் கடை வரிசையில், முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் நடுவே ஒரு முழம் விட்டு நாகரிகமாக நிற்கிறார். அந்த ஒரு முழத்துக்குள் மூன்று பேர் புகுந்துவிட்டார்கள்.

எடுக்க முடியாமல் போனதும் உண்டு. வளைகுடாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். வந்த புதிதில் சாலையைக் கடக்கும்போது தலை முதலில் தப்பான பக்கம் திரும்பும். ஊர் திரும்பிய ஓர் அண்ணாச்சியிடம் அந்தக் கணத்தைப் பிடிக்கத் தம்பி காத்திருந்தார். தலை திரும்பியதும் பஸ் வந்துவிட்டது. கேமராவை விட்டுவிட்டு அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுக்கத்தான் நேரம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த படத்தில் கணவர் ஓரமாக நிற்கிறார். மாடியில் புதிதாக ஓர் அறை எழும்புகிறது. கொத்தனார் மட்டப்பலகையும் கையுமாக ஏதோ சந்தேகம் கேட்கிறார், கேட்பது மனைவியிடம். அந்த அம்மாதான் இத்தனை வருஷமாக பேங்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து, மணல் லாரிக்காரரிடம் சண்டை போட்டு, தரைத்தளத்தைக் கட்டி முடித்தவர். ஊரை விட்டு எங்கும் போகாதவர். அவரையும் சேர்க்காமல் இந்த இதழ் நிறையாது என்று அடுத்தடுத்த பக்கங்களில் அப்படிப்பட்டவர்களின் படங்களையும் வைத்திருக்கிறோம். திரும்பி வந்தவர்களில் ஒருவர் மட்டும், அதே விசாவில் மறுபடி போக வேண்டியிருப்பதால் தன் படம் வேண்டாம் என்றார். அதை இதழிலிருந்து நீக்கிவிட்டோம்.

இனி உங்கள் முறை. பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. நெகட்டிவ்கள் காயலான் கடைக்குப் போகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்படி எடுத்து வைத்திருக்கிறது. அது பெரிய காரியம். நம்மால் முடிந்தது நம் வீட்டு ஆல்பம். வெட்டி ஒட்டிய குடும்பப் படம், யாரோ ஒருவரின் கார் முன்னால் எடுத்தது, வந்து ஒரு மாதம் கழித்துத் திண்ணையில் எடுத்தது, எதுவானாலும் அனுப்புங்கள். ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், பசை முகத்தோடு வந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனில் எடுத்தால் போதும். படத்தின் பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். கார் யாருடையது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்