"கூடியவரை" சட்டம்

2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவானது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் முதியோருக்குக் "கூடியவரை" படுக்கை தரவேண்டுமென்றும், ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் முதியோர் வைத்தியத்தில் அனுபவமுள்ள டாக்டரின் கீழ்த் தனி வசதி இருக்கவேண்டுமென்றும் சொல்லுகின்றது. மெத்த சரி. செய்யாவிட்டால் என்ன என்று கேட்கின்றோம்.

தாய் தகப்பனைத் தெருவில் விட்டுப்போகும் மகனை 3 மாதம் வரை ஜெயிலில் போட அதே சட்டம் இடங்கொடுக்கின்றது. கைவிடும் சர்க்காருக்கோ தண்டனையே இல்லை!

"வயதானால் அப்படித்தான்" என்று கிழவியைத் திருப்பியனுப்புவது வைத்தியமா, தலைவிதிப் பிரசங்கமா? ஞாபகமறதியும் தள்ளாடி விழுவதும் வியாதியின் அறிகுறியாயிருக்கலாம். அதைக் கண்டறியத் தனிப் படிப்பு வேண்டும். அப்படிப்பைச் சென்னை மருத்துவக் கல்லூரி 1996-லேயே ஆரம்பித்தாகிவிட்டது.

ஆகவே, "கூடியவரை"யை நீக்கி, கெடு விதித்து, தவறினால் கிழவனும் கிழவியும் வழக்காடி உரிமை பெறும்படி சட்டத்தைத் திருத்தவேண்டும் என்கின்றோம். முதியோர் கேட்பது பிச்சையல்ல, உழைத்ததற்குரிய பாக்கி.