தூய பொறியில் பிறக்கட்டும் தமிழ் மென்பொருள்

அச்சுக்கலை தமிழுக்கு நூல்களைத் தந்தது. கணினி அந்நூல்களைப் பெருக்கிற்று. சென்னைத் தியாகராய நகரின் தீனதயாளு தெருவும் தணிகாசலம் சாலையும் கண்ணதாசன் சாலையும் தமிழ்ப் பதிப்பகங்களால் பெயர்பெற்றவை. 1990களில் ஈய எழுத்துகள் விடைபெற்றுக் கணினி எழுத்துருக்கள் தமிழ் அச்சுலகில் பரவின. அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்பாடு பிறந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆயினும் பழைய குறியீட்டில் அமைந்த கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இன்றும் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன.

அவற்றை மீட்கும் திறவுகோல் குறியீட்டு மாற்றி என்னும் மென்பொருளாகும். அதன் பணி எளிதன்று. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிவாகும். யூனிகோடிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகுதியும் பயிலும் ஸ, ஷ, ஹ ஆகிய எழுத்துகளும் பிறழாது வருதல் வேண்டும். ஒரு விதி தவறினும் நூல் முழுதும் பிழைபடும்.

இத்தகைய மென்பொருளை ஆர்வலர் ஒருவர் தம் கணினியிலேயே ஆக்கி, அங்கேயே நிறுத்திவிடுவதில் பேரிடர் உண்டு. மூலநிரலை இயங்கும் மென்பொருளாகக் கட்டமைக்கத் துணைநிரல்கள் பல வேண்டும். அவை என்றோ நிறுவப்பெற்றவை. எவை எவை என்பது ஆக்கியோர்க்கே நினைவிராது. அக்கணினி பழுதுற்றாலோ, அவர் வேற்றூர் சென்றாலோ, மூலநிரல் கையிலிருந்தும் திறவுகோல் தொலைந்ததாகிறது. "என் கணினியில் இயங்குகிறதே!" என்பது சான்றாகாது.

இதற்குத் தீர்வு, லினக்ஸ் வழங்கியில் இயங்கும் மெய்நிகர் கணினியாகும். ஓர் இயந்திரத்தினுள் மென்பொருளால் எழுப்பப்பெறும் தனிக் கணினி அது. அதற்குரிய கே.வி.எம். என்னும் வசதி 2007 முதல் லினக்ஸின் கருவிலேயே அமைந்துள்ளது. தனிக் கட்டணம் இல்லை. மாணவர் ஒரு திருத்தத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தவுடன், வழங்கி புதியதொரு மெய்நிகர் கணினியைத் தானே எழுப்பும், எழுதிவைத்த குறிப்பின்படி துணைநிரல்களை நிறுவும், மென்பொருளைக் கட்டமைக்கும், 'கொம்பு', 'ஹதீஸ்' போன்ற சொற்களைக் கொடுத்துச் சோதிக்கும், முடிவை அறிவித்தபின் அக்கணினியை அழித்துவிடும். குறிப்பில் ஒன்று விடுபட்டிருப்பின் அன்றே வெளிப்படும்.

1993இல் தோன்றிய டெபியன் திட்டம் தன் மென்பொருள்களை இவ்வாறே தானியங்கு முறையில் கட்டமைக்கிறது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதன் வழிவந்ததே. கட்டமைக்கும் இடம் தூய்மை இழந்தால் விளையும் கேட்டினை 2020இல் உலகம் கண்டது. அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தில், கட்டமைக்கும் வேளையில் பகைவர் தீநிரலைப் புகுத்தினர். அது முறையான புதுப்பிப்பாகவே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரைச் சென்றடைந்தது.

"சிறு கல்லூரிக்கு இத்துணை ஏற்பாடு எதற்கு?" என வினவலாம். 16 ஜிபி நினைவகம் உடைய எளிய கணினியே இரண்டு, மூன்று மெய்நிகர் கணினிகளைத் தாங்கும். கொள்கலன் முறை இதனினும் இலேசானதன்றோ என்பாரும் உளர். உண்மையே, ஆயின் கொள்கலன், வழங்கியின் கருவையே பகிர்வது. அச்சகத்தார் பயன்படுத்தும் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே வழங்கியில் மென்பொருள் சமைக்க மெய்நிகர் கணினியே ஏற்றது.

முன்னோர் அச்சேற்றிய அறிவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைத் திறக்கும் கருவியும் அமானிதமே. அமானிதம் ஒருவர் மேசையில் முடங்கிக் கிடத்தல் முறையன்று. தமிழ்த்துறை சோதனைச் சொற்களைத் தொகுக்கட்டும். கணினித்துறை வழங்கியை நிறுவட்டும். இரு துறையும் கைகோத்து இவ்வாண்டே ஆவன செய்தல் வேண்டும்.