படகுக்கு மின்சார மோட்டார்: பேட்டரி யாருடையது?

தறியையும் கழனியையும் தொழிலாகக் கொண்ட அங்கத்தினருக்கான இத்திங்களிதழில் மீன்பிடி படகைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். கடன் பெற்றுக் கருவி வாங்கி, அக்கருவியின் உழைப்பிலிருந்தே கடனை அடைக்க வேண்டிய நிலையில் நெசவாளர், உழவர், மீனவர் ஆகிய மூவரும் ஒரு குடும்பத்தினரே. அன்றியும், பழவேற்காடு என்னும் ஊரை நெசவாளர் மறத்தற்கில்லை. ஏரியும் கடலும் சூழ்ந்த அம் மீனவர் ஊரின் பெயரே 'பாளையக்காட்டு லுங்கி' என்று தறியில் நிலைத்துவிட்டது.

இப்பொழுது சிறு படகுகளின் பின்பலகையில் மாட்டத்தக்க மின்சார மோட்டார்கள் விற்பனைக்கு வந்துள்ளன. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அன்றாட வருவாயில் பெரும்பகுதியை இழக்கும் மீனவர்க்கு இவை ஆசையூட்டுவது இயல்பே. விற்போர், "இனி எரிபொருள் செலவே இல்லை" என்கின்றனர். ஐயுறுவோர், "இது விளையாட்டுப் பொருள், கடலுக்கு உதவாது" என்கின்றனர். இவ்விரண்டு கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. எந்தப் படகுக்கு, எத்தனை நாழிகைப் பயணத்துக்கு, யாருடைய முதலீட்டில் என்ற மூன்றையும் தெளிந்த பின்னரே விடை கூறல் இயலும்.

மின்சாரப் படகு இன்று நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1881-ஆம் ஆண்டிலேயே குஸ்தாவ் துரூவே என்னும் பிரெஞ்சுக்காரர், கழற்றி மாட்டத்தக்க மின்சார மோட்டாரைப் படகில் பொருத்திப் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் ஓலி எவின்ரூட் தமது பெட்ரோல் எஞ்சினை விற்கத் தொடங்கியது 1909-ஆம் ஆண்டில்தான். முன்னே பிறந்தது பின்தங்கியதற்குக் காரணம் மோட்டாரின் குறையன்று, பேட்டரியின் குறையே. ஒரு தகரத்தில் அடங்கும் பெட்ரோலுக்கு ஈடான ஆற்றலைச் சுமக்க, படகு தாங்காத எடையுள்ள பேட்டரி அன்று தேவைப்பட்டது. அக்குறை இன்று குறைந்துள்ளது, நீங்கிவிடவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு பேட்டரியில் 4.8 யூனிட் மின்சாரம் அடங்கும். பழைய ஈய அமிலப் பேட்டரியாயின் இதன் எடை ஏறத்தாழ 140 கிலோ. அது நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் பாதியளவே செலவிடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாயின் எடை 45 கிலோ அளவில் நிற்கும்; ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிச் செலவிடலாம். ஆதலின், விலை மிகுதியாயினும் படகுக்கு ஏற்றது பின்னதே. ஆயினும் அந்த 45 கிலோப் பேட்டரி விசிறிக்குத் தரும் உழைப்பு, சிறு எஞ்சினில் எரியும் ஏறத்தாழ 2 லிட்டர் பெட்ரோலின் உழைப்புக்கே ஈடாகும். இந்த ஓர் எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் எரித்து ஆழ்கடல் செல்வோர் இப்பொழுது மின்சார மோட்டாரை நாட வேண்டுவதில்லை. ஏரியிலும் உப்பங்கழியிலும் நீர்த்தேக்கத்திலும் வலை விரித்து, இரண்டு லிட்டருக்குள் அன்றாடத் தொழிலை முடிப்போர்க்கே இது பொருந்தும். எனவே வாங்க விரும்புவோர் முதலில் செய்யத்தக்கது, ஒரு மாதம் முழுவதும் எரிபொருள் செலவை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வருதலேயாம்.

அடுத்தது வேகம். உழவர்கள் பம்புசெட்டு வாங்கும்பொழுது தேவைக்கு மிஞ்சிய குதிரைத்திறனை வாங்கி, பின்னர் மின்கட்டணத்துக்கு வருந்துதல் நாம் அறிந்ததே. படகிலும் அவ்வாசை உண்டு. நீரைக் கிழித்துச் செல்லும் சிறு படகில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேற்சொன்ன பேட்டரியுடன் 3 கிலோவாட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஆற்றல் தீரும். பாதி வேகத்தில் ஓட்டினால் பத்து மணி நேரம் வரும். செல்லும் தொலைவும் நான்கு மடங்காகும். காற்றும் நீரோட்டமும் எதிர்த்தால் இக்கணக்குக் குறையும். பொறுமையுடன் ஓட்டுபவர்க்கே மின்சாரம் சிக்கனம் தரும். விரைந்து செல்பவர்க்கு அது ஏமாற்றமே தரும்.

இங்கு உயிரைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. முகத்துவாரத்தில் வற்றம் வெளிநோக்கி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். மணிக்கு 6 கிலோமீட்டர் செல்லும் படகு, திரும்புகையில் ஒரு கிலோமீட்டரே முன்னேறும். போகும்பொழுது சில நிமிடங்களில் கடந்த இடம், வரும்பொழுது பேட்டரியையே விழுங்கிவிடும். ஆதலின் ஆற்றலை மூன்று பங்காக்கி, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என வைத்தல் வேண்டும். துடுப்பையும் கழியையும் கரையில் விட்டுச் செல்லுதல் எக்காலத்தும் ஆகாது.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கையில் நோக்கத்தக்கவை சில. முதலாவது, சீட்டில் எழுதிய கிலோவாட் என்பது மோட்டார் உறிஞ்சும் மின்சாரமா, விசிறி தண்ணீருக்குத் தரும் திறனா என்று கேட்டறிதல் வேண்டும். இரண்டுக்கும் வேற்றுமை பெரிது. இரண்டாவது, தண்டின் நீளம். 15 அங்குலத் தண்டும் 20 அங்குலத் தண்டும் பொதுவாகக் கிடைக்கின்றன. பின்பலகையின் உயரத்தை அளந்த பின்னரே வாங்குதல் வேண்டும். தண்டு குட்டையானால் விசிறி காற்றை அரைக்கும். நெடியதானால் பழவேற்காடு போன்ற ஆழமற்ற ஏரியில் சேற்றை உழும். மூன்றாவது, விசிறி. வலையும் மீனும் சுமந்து மெதுவாகச் செல்லும் படகுக்கு, அகன்று மெல்லச் சுழலும் விசிறியே நல்லது. நான்காவது, உப்பு நீர். மின் இணைப்புகள் நீர் புகாதனவாகவும், அரிப்பைத் தான் ஏற்று மோட்டாரைக் காக்கும் துத்தநாகத் துண்டு பொருத்தப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். ஐந்தாவது, பழுது நேர்ந்தால் எத்தனை நாளில், எவ்வூரில் சரிசெய்து தருவார்கள் என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். பத்து நாள் கரையில் கிடக்கும் மோட்டார், மிச்சப்படுத்திய பணத்தையெல்லாம் தின்றுவிடும்.

இனி முதன்மையான கேள்விக்கு வருவோம்: பேட்டரி யாருடையதாக இருத்தல் வேண்டும்? கணக்குக்காக அதன் விலை ஒன்றரை இலட்சம் ரூபாய் என்றும், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும், மின்சாரம் யூனிட் பத்து ரூபாய் என்றும் கொள்வோம். ஒருமுறை மின்னேற்றம் செய்யச் சுமார் 43 ரூபாய் ஆகும். அது மிச்சப்படுத்தும் பெட்ரோல் 200 ரூபாய். ஒருவரே வாங்கி ஆண்டுக்கு 200 நாள் வீதம் ஐந்தாண்டு பயன்படுத்தினால் ஆயிரம் முறையாகும். முறைக்கு 150 ரூபாய் பேட்டரியின் தேய்மானம். மின்கட்டணமும் கூடினால் 193 ரூபாய். மிச்சம் ஏழே ரூபாய்! வட்டியையும் சேர்த்தால் நட்டமே. ஆனால் நல்ல லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டாயிரம் முறைக்கும் மேலாக உழைக்க வல்லது. அதனை இரண்டு படகுகள் முறை வைத்துப் பகிர்ந்தால் தேய்மானம் 75 ரூபாயாகும். மொத்தச் செலவு 118 ரூபாய். மிச்சம் 82 ரூபாய். பேட்டரி கரையில் சும்மா கிடந்தாலும் ஆண்டுதோறும் மூப்படையும். எனவே அதனை ஓயாது உழைக்கச் செய்பவர்க்கே இலாபம். தனி ஒருவரால் அது இயலாது, சங்கத்தால் இயலும்.

இம்முறை நம் நெசவாளர்க்குப் புதிதன்று. தறி நெசவாளருடையது; நூல் சங்கத்துடையது. அவ்வாறே படகும் மோட்டாரும் மீனவருடையனவாகவும், பேட்டரி சங்கத்துடையதாகவும் இருக்கலாம். கரையில் ஒரு கொட்டகை அமைத்து, மின்னேற்றிய பேட்டரியைக் காலையில் வழங்கி மாலையில் திரும்பப் பெறலாம். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஒரு பேட்டரியின் ஒரு நாள் தேவைக்கு அது ஏறக்குறையப் போதும். வாடகையில் ஒரு பகுதியைத் தேய்மான நிதியாகத் தனியே ஒதுக்குதல் இன்றியமையாதது. இதனைச் செய்யாத சங்கம் ஐந்தாம் ஆண்டில் மீண்டும் கடன் கேட்டு நிற்கும்.

மீனவர் முறை வைத்துப் பகிர்வரோ என்று ஐயுற வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் வலையிடும் இடங்களையே 'பாடு' என்னும் முறையால் வழிவழியாகப் பகிர்ந்து வந்தவர்கள் அவர்கள். 1980-இல் திருவனந்தபுரத்தில் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டும் பணியையும் எஞ்சின் பழுதுபார்க்கும் பணியையும் மீனவர் அமைப்பே நடத்த முடியும் என்று காட்டியுள்ளது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 75 பேர் செல்லும் சூரிய மின்படகு ஓடத் தொடங்கியது. தொலைவும் நேரமும் தெரிந்த நீர்வழியில் மின்சாரம் வெற்றி பெறும் என்பதற்கு அது சான்று.

ஆதலின் சங்க நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இதுவே. ஐம்பது அங்கத்தினருக்கு ஐம்பது கடன் வழங்கி ஐம்பது பேட்டரிகளை விற்கச் செய்யாதீர்கள். ஏரியிலோ நீர்த்தேக்கத்திலோ தொழில் செய்யும் நான்கு படகுகளைத் தேர்ந்து, இரண்டு பேட்டரிகளைச் சங்கத்தின் பெயரில் வாங்கி, மாரியும் கோடையும் அடங்கிய ஓராண்டு நடத்திப் பாருங்கள். நாள்தோறும் சென்ற தொலைவையும் செலவான யூனிட்டையும் எழுதி, அக்கணக்கைப் பொதுக்குழுவில் படியுங்கள். கணக்கு நன்றெனக் கூறினால் விரிவாக்குங்கள். அன்றெனக் கூறினால் நான்கு படகுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுக் கருவியின் சுமையைத் தனியொருவர் தோளில் ஏற்றாமல் பலர் தோளில் பகிர்ந்து ஏற்றுவதற்கன்றோ கூட்டுறவு தோன்றியது?